ஆயி பார்த்த படம்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். மறதியும் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று யோசிக்கிறவள். அதனால் இதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இன்னும் மோசம். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர் நர்சம்மாவுக்கு அது தெரியும். "நீங்க பேச வேணாம்மா. எழுதிக் குடுங்க. நான் நாலு ஊரு பொம்பளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்று ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனது.

விஷயம் இதுதான். ஒரு காலைப்பொழுது முழுக்க நான் டிபிக்காரியாக இருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த நாளும் அதுதான். இரண்டும் எப்படி ஒரே நாளில் வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். அப்போது புரட்டாசி. குறுவை அறுத்துத் தார் ரோடு முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். நர்சம்மா வீடு வீடாக வந்து, நெஞ்சைப் படம் பிடிக்கிற வண்டி பள்ளிக்கூடத்துக்கு வருகிறது, எல்லாரும் வந்து எடுத்துக்கொள்ளணும் என்று சொன்னது.

"படத்த டாக்டர் பாக்க நாள் ஆகும்னு கவலப்படாதீங்க. ஏஐ பாத்து ஒரு நிமிஷத்துல சொல்லிடும்."

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, பக்கத்து வீடு. எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். "எந்த ஆயி?" என்றாள்.

"ஆயி இல்லக்கா, ஏஐ. கம்ப்யூட்டர் மாதிரி. அதுவே யோசிக்கும்."

நர்சம்மா சொன்னதில் பாதி, அது அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் காற்றில் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பெற்றவளும் ஆயிதான், மாரியம்மனும் ஆயிதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. வண்டிக்குள் ஒரு ஆயி உட்கார்ந்திருக்கிறாள், நெஞ்சைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாளாம்! ஒருத்தி மகனுக்கு எப்போது பெண் அமையும் என்று கேட்கலாமா என்றாள். என் ஓரகத்தி வெற்றிலை பாக்கும் இரண்டு எலுமிச்சம்பழமும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு பழம்?" என்றேன்.

"வெறுங்கையோட போயி எப்படிக்கா கேக்கறது?"

மறுநாள் போனோம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. ஓரகத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு பெட்டி, ஒரு பலகை, ஒரு தம்பி. "ஆயி சாப்புடப் போயிருக்காளோ?" என்று என் காதில் சொன்னாள். ஆயி இல்லை என்று தெரிந்த பிறகும் எலுமிச்சம்பழத்தைத் திருப்பிக் கொண்டுபோக மனசு வராமல், வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

முதலில் பேர் பதிய வேண்டும். மேசையில் ஒரு பெண், கையில் பலகை போல ஒரு கம்ப்யூட்டர். நர்சம்மா கொடுத்த ஊர்ப் பட்டியல் அதில் ஏற்கெனவே இருந்தது. பேரைச் சொன்னால் கண்டுபிடித்துத் தட்டிவிட வேண்டியதுதான். என் பேரை நான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் அதற்குக் காது கேட்டது.

"இந்தப் பேருல ரெண்டு பேரு இருக்காங்களே. கணவர் பேரு?"

நான் தரையைப் பார்த்தேன்.

இந்த ஊரில் எனக்கும் இன்னொருத்திக்கும் ஒரே பேர். வயதும் ஏறக்குறைய ஒன்று. அவள் கடைத்தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். என் பேர்க்காரி என்றுதான் நான் சொல்வேன். ஊரில் அவளை இட்லிக்காரி என்பார்கள், என்னை மேலத்தெருவாள் என்பார்கள், குழப்பம் வராது. காகிதத்தில் மட்டும் புருஷன் பேரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கும் சாமிமலைச் சாமி பேர். செத்துப்போன அவள் வீட்டுக்காரருக்கும் சாமிமலைச் சாமி பேர். ஒரே சாமிக்கு ஆயிரம் பேர் இருக்கிறதே, அதில் இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

"அம்மா, கணவர் பேரு?"

"அதெல்லாம் அவுங்க சொல்ல மாட்டாங்க" என்றாள் ஓரகத்தி.

"ஏன்?"

"புருஷன் பேர வாயால சொன்னா ஆயுசு கொறையும்."

"சரி, நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு மூத்தாராச்சே, என் வீட்டுக்காரரோட அண்ணன்! நான் அதவிடச் சொல்லக் கூடாது."

அந்தப் பெண் பலகையைக் கீழே வைத்தது. "பின்ன யாருதான் சொல்லுவா?"

"அவரே சொல்லுவாரு. ரோட்டுல நெல்லு கிண்டிக்கிட்டிருக்காரு. கூட்டியாரட்டுமா?"

"ஆதார் கார்டு இருக்கா?"

"பீரோவுல இருக்கு. சாவி மூத்தாரு இடுப்புல."

பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள். எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஓரகத்திதான் வழி சொன்னாள். "நான் ஒரு குறிப்பு சொல்றேன், நீ கண்டுபுடி பாப்பா. கும்மோணத்துக்கு இந்தப் பக்கம், அறுவது படி ஏறிப் போனா ஒரு சாமி நிக்குமே. அந்தச் சாமி பேரு."

"ஓ, சாமிமலையா!" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பட்டென்று ஒரு தட்டு தட்டியது. நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். கெட்டிக்காரப் பெண் என்று நினைத்தேன். ஒரு சீட்டு வந்தது. அதைப் படிக்காமல் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடிமேல் விரலால் கையெழுத்து போடச் சொன்னது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை. கோழி கிளறினாற்போல ஒன்று போட்டேன்.

அஞ்சாப்பு படித்தவளாயிற்றே, புருஷன் பேரை எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாயால்தானே சொல்லக் கூடாது, கையால் எழுதலாமே. உண்மை. எனக்கு எழுதத் தெரியும் என்பதே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. ஓரகத்தி அதை இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தரம் சொல்லிக் காட்டுகிறாள்.

வண்டிக்குள் போனேன். தம்பி என் முகத்தைப் பார்க்காமலே, "கழுத்துல இருக்கறதெல்லாம் கழட்டிடுங்கம்மா" என்றது. மணியைக் கழற்றினேன். தாலியை? கல்யாணம் ஆன நாளிலிருந்து கயிறு மாற்றும்போது தவிர அது கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. அதில் மூன்று ஊக்கு வேறு கோத்திருந்தேன், அவசரத்துக்கு. மெல்ல ரவிக்கைக்குள் தள்ளிவிட்டேன்.

"கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்."

பொய்தான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது, பிடித்தேன். பொய் சொன்ன பயத்தில் விட மறந்துவிட்டேன். "அம்மா, மூச்ச விடுங்க, மூச்ச விடுங்க!" என்று தம்பி அலறியது.

மறுநாள் காலை நான் முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நர்சம்மா தனியாக வந்து, மெதுவாகப் பேசியது. அப்போதே தெரிந்தது நல்ல சேதி இல்லை என்று.

"பயப்படாதீங்கம்மா. உங்க படத்துல ஒரு எடத்துல செவப்பா காட்டியிருக்கு. டிபியா இருக்கலாம்னு சந்தேகம். முடிவு இல்ல. சளி டெஸ்ட் பண்ணணும். இருந்தாலும் மாத்திரையில சரியாயிடும். யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

செல்போனில் படத்தைக் காட்டியது. நம் எலும்பை நாமே பார்ப்பது ஒரு வேடிக்கைதான். வரப்பு வெட்டினாற்போல வரிசையாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அழகாகவே இருந்தது. மேலே ஒரு ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டு. ஆயி கைவைத்துக் காட்டின இடம் அது என்றது நர்சம்மா.

ஆனால் என் கண் அந்தத் திட்டில் நிற்கவில்லை. நடு நெஞ்சைத் தேடியது. மறுபடி தேடியது. அங்கே தாலி இல்லை. ஒரு ஊக்குகூட இல்லை. வெறும் நெஞ்சு.

என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? எலும்பு வரைக்கும் பார்க்கிற ஆயி, நாளைக்கு நடக்கப் போவதையும் பார்த்துவிட்டாள் என்றது. இவள் கழுத்தில் தாலி இல்லை என்று காட்டிவிட்டாள்!

துலக்கின சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நர்சம்மா, "அம்மா! அம்மா! டிபின்னா ஓடக் கூடாது!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. ரோடு முழுக்க ஊரார் நெல். அதன் மேலேயே ஓடினேன். "யாரது, நெல்ல மிதிச்சிக்கிட்டு! கண்ணு தெரியல?" என்று இரண்டு பக்கமும் ஏச்சு. எங்கள் நெல் மதகுக்கு அந்தப் பக்கம். போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரர் சாக்கை விரித்து, காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டு அசையாமல் கிடக்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் மதகில் உட்கார்ந்திருந்த கொக்கு பறந்துபோனது. அவர் துள்ளி எழுந்தார்.

"என்னாடி, மழயா? தார்ப்பாய எடு, தார்ப்பாய எடு!"

நான் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தேன், கையைத் தொட்டுப் பார்த்தேன். நடு ரோட்டில். எனக்கு வெட்கமே வரவில்லை.

"மழ இல்லீங்க. படத்துல தாலி இல்லீங்க!"

"தாலி எங்கடி?"

உள்ளேயிருந்து எடுத்துக் காட்டினேன். "இருக்கு."

"இருக்குல்ல? அப்பறம் என்னா?"

"படத்துல இல்லீங்க!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் ஓரகத்தியும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நர்சம்மாவும் வந்து சேர்ந்தது. ஓரகத்தி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அக்கா. நீங்க கழட்டிட்டேன்னு பொய் சொல்லிட்டு உள்ள தள்ளுனீங்கல்ல? வெளியில நின்னு நான் பாத்தேன்."

நர்சம்மா என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"இத்தன எலும்பக் காட்டுற மெஷினுக்கு மூணு ஊக்கு தெரியாமப் போவுமா? தங்கம் மறஞ்சாலும் இரும்பு மறயுமா? அது உங்க படமே இல்லக்கா!"

அந்த நேரத்தில் எனக்குள் என்னமோ அவிழ்ந்துபோனது. முதலில் அவருக்கு ஒன்றும் இல்லை, இப்போது எனக்கும் ஒன்றும் இல்லை. சிரிப்பு வந்தது. எனக்கு வந்ததைப் பார்த்து ஓரகத்திக்கு வந்தது. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நெல்லிலேயே உட்கார்ந்துவிட்டோம். நான் நெல்லை அள்ளி அவள் தலையில் போட்டேன். அறுபது வயதுக்கு மேல் ஆன இரண்டு பொம்பளைகள்!

"கொள்முதல்ல நெல்லுக்கு ஈரம் பாக்குறானே, அந்த மெஷினப் போலத்தான்" என்றார் அவர். "மெஷின் பொய் சொல்லாது. எந்தக் குவியல்லேர்ந்து ஒரு கை அள்ளி வச்சான், அதப் பாக்கணும். என் நெல்ல வச்சு ஒன் நெல்லுக்கு ஈரம் சொன்னா?"

நர்சம்மாவுக்கு அது பிடித்துக்கொண்டது. "உங்க சீட்டு எங்கம்மா?" என்றது. சுருக்குப் பையில் இருந்ததை எடுத்து, கூடவே இருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாகப் படித்தேன். என் பேர் சரி. அதற்குக் கீழே புருஷன் பேர் என்று என் பேர்க்காரியின் புருஷன் பேர் இருந்தது. சாமிமலைச் சாமியின் இன்னொரு பேர்.

அப்போதுதான் ரோட்டில் அவள் குரல் கேட்டது. இட்லித் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே சத்தம். "ஏன்டி, நெல்லுல உருண்டுக்கிட்டுக் கெடக்குறீங்க? எனக்கு ரிசல்ட்டு வந்துடுச்சுடி! ஒண்ணுமே இல்லயாம், செல்லுல வந்துருக்கு! அடுப்புப் பொகதான், அடுப்புப் பொகதான்னு நான் சொல்லல? இன்னிக்கு ஊருக்கே கெட்டிச் சட்னி!"

சொல்லி முடிக்கவில்லை, இருமல் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மதகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இருமல் அவளுக்கு ஆடி மாசத்திலிருந்து இருக்கிறது. இருமி முடித்து, கையை ஆட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நாங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவளுக்குத் தாலி கிடையாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

நடந்தது பிற்பாடு முழுசாகத் தெரிந்தது. என்னை என் பேர்க்காரியின் கணக்கில் தட்டிவிட்டது, பேர் பதிந்த அந்தப் பெண். பிறகு அவள் வந்து பேரைச் சொன்னதும், "அந்தப் பேருல ஒருத்தங்க முடிஞ்சுது. அப்ப நீங்க மிச்சம் இருக்கறவங்கதானே?" என்று கேட்டிருக்கிறது. அவள் இருமிக்கொண்டே தலையாட்டியிருக்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். சும்மா இருந்துவிடலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. சளி டெஸ்ட் எடுப்பார்கள், எனக்கு ஒன்றும் இருக்காது, விட்டுவிடுவார்கள். தாலி விஷயத்தில் பொய் சொன்னதும் வெளியே வராது. டாக்டர் முன்னால் போய் வாயைத் திறக்க வேண்டாம். ஆனால் அவள் அடுப்புப் புகை என்றே இருமிக்கொண்டிருப்பாள். மெஷினே இல்லை என்று சொல்லிவிட்டதே, இனி யார் அவளைத் திரும்பப் பார்ப்பார்கள்? அதோடு அவள் இட்லியைத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள்.

"டாக்டர்கிட்ட போயிச் சொல்லணும்" என்றேன்.

"யாரு?" என்றாள் ஓரகத்தி.

"நான்தான்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

நெல்லைப் பக்கத்துக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் மொபெட்டில் மூன்று பேரும் ஏறினோம். ஓரகத்தி மூத்தார்மேல் இடிபடக் கூடாது, அதனால் நான் நடுவில் மதில்சுவர். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள், "தள்ளி உக்காருங்கக்கா, தள்ளி உக்காருங்க!" என்கிறாள். தள்ளி உட்கார இடம் எங்கே? மறுபடி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கப் போகிறவள் சிரித்துக்கொண்டே போவதா என்று அவர் ஏசினார். அவர் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சின்ன வயசுக்காரர். தூக்கம் இல்லாத கண். நர்சம்மா முன்னாலேயே வந்து சொல்லியிருந்தது. "இந்த மெஷின் நாங்க கவனிக்காம விட்டதையெல்லாம்கூட புடிச்சுருக்கும்மா. தப்பு ரொம்பக் கம்மி" என்று ஆரம்பித்தார்.

"அது தப்புன்னு யாரு சொன்னா டாக்டரய்யா?" என்றாள் ஓரகத்தி. "ஆயி சரியாத்தான் பாத்துருக்கா. ஆளத்தான் நீங்க மாத்திட்டீங்க."

"ஆயியா?"

நர்சம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

தாலி கழட்டலை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தேன். "நல்ல வேள கழட்டல" என்றார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு பேரையும் எடுத்து வைத்துக்கொண்டார். "உங்க கணவர் பேரு என்னம்மா?"

நர்சம்மா சொல்லப் போனது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. மொதல்ல தப்பு அப்படித்தான் நடந்துருக்கு. இதானா, இதானான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. அவங்களே சொல்லட்டும், இல்ல எழுதட்டும்."

எழுதலாம் என்றால் கண்ணாடி கையில் இல்லை. சீட்டைப் படித்துவிட்டு மதகுமேல் வைத்தது ஞாபகம் வந்தது. காகிதமும் பேனாவும் கலங்கலாகத் தெரிந்தன. ஓரகத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி, காதைப் பொத்திக்கொண்டாள், மூத்தார் பேர் காதில் விழக் கூடாது என்று. எனக்கு என் பேர்க்காரியின் இருமல் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மெல்லத்தான் சொல்ல நினைத்தேன். நாற்பத்தைந்து வருஷமாக உள்ளேயே கிடந்த பேர், வெளியே வரும்போது ஏலம் போடுகிறவன் குரல் மாதிரி வந்துவிட்டது.

வராந்தாவிலிருந்து பதில் வந்தது. "என்னா? இஞ்சதான் இருக்கேன்!"

மருந்து வாங்க நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. டாக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "யாரு கூப்புட்டது?" என்று கேட்டார். அவரை அந்தப் பேர் சொல்லிப் பெண்குரல் கூப்பிட்டு, அவருடைய அம்மா போனதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். ஆயுசு ஒன்றும் குறையவில்லை. இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து காப்பி ஆறிவிட்டது என்று குறை சொல்கிறார்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு படத்தைத் திறந்தார். என் பேர்க்காரியின் பேரில் இருந்தது. நடு நெஞ்சில் பளிச்சென்று தாலி, மூன்று ஊக்கு. ஒரு ஊக்கு திறந்தே கிடந்தது, குத்தாமல் இருந்ததே அதிசயம்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தம்மாவோட வீட்டுக்காரர் இறந்துட்டாருல்ல?" என்று நர்சம்மாவைக் கேட்டார். அது தலையாட்டியது. "யாராச்சும் ஒருத்தர் இதத் தொறந்து பாத்துருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

"பாக்கலயா?" என்று கேட்டது நான்தான். அன்றைக்கு என் வாய்க்கு என்ன வந்ததோ.

"மெஷின் சந்தேகம்னு சொல்ற படத்ததான் நாங்க பாக்குறோம்மா. ஒண்ணும் இல்லன்னு சொல்ற படத்த யாரும் தொறக்கறதில்ல. கூட்டம் அப்படி." அந்தப் படத்தை மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டு, "அது எங்க தப்பு. மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். டாக்டர் ஒருத்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்டால் நான் எங்கே பார்ப்பது? மறுபடி தரையைப் பார்த்தேன்.

ஓரகத்தி விடவில்லை. "இந்தப் படத்தயெல்லாம் என்னா பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"இல்லக்கா. பேர எடுத்துட்டு, மெஷின் மேல கத்துக்கறதுக்கு அனுப்புவாங்க. நெறய படம் பாத்துத்தானே அது படிக்குது."

"யாரக் கேட்டுக்கிட்டு?"

"கையெழுத்து போட்டீங்களே."

"அந்தக் கண்ணாடில கிறுக்குனதா? அது வந்ததுக்குக் கணக்குன்னுல்ல நெனச்சோம்!"

டாக்டர் அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார். எனக்கு வேறு நினைப்பு ஓடியது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றேன். என் நெஞ்செலும்பு மேற்படிப்புக்குப் போகிறதே! கேட்டிருந்தால் போய்விட்டு வா என்று நானே விபூதி பூசி அனுப்பியிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் மனதில் முள் மாதிரி நின்றது.

என் பேர்க்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். நர்சம்மா வெளியே நின்றது. யாருக்கும் தெரியக் கூடாது, கடை போய்விடும் என்று ஓரகத்தியிடம் மாரியம்மன்மேல் சத்தியம் வாங்கியிருந்தோம். அவள் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே இருந்தாள், பேச்சு வந்துவிடக் கூடாது என்று.

பேர்க்காரி குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பித்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அப்ப ஒன் படந்தான் எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்ததா?"

"ஆமான்டி."

"ஒன் நெஞ்சப் பாத்துட்டா நான் ஊருக்குக் கெட்டிச் சட்னி போட்டேன்? தேங்கா என்னா வெல விக்கிது!"

அவள் சிரித்தாள். சிரித்து, இருமி, பிறகு குண்டானைக் கவிழ்த்து வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

"என்னய யாரு பாப்பாங்க இனிமே? எச்சில் தட்டு மாரி ஒதுக்குவாங்கடி."

"நான் சாப்புடுறேன் ஒன் இட்லிய."

"நீ ரெண்டு இட்லி திங்கிறவ. அத வச்சா நான் கடை நடத்தறது?"

மறுநாளே போனாள். அவள் புருஷன் பேரை அவளே அழுத்தமாகச் சொன்னாளாம், என் கதை கேட்ட பிறகு. புதுப் படம் எடுத்தார்கள், சளி பார்த்தார்கள். ஆயி சிவப்பு வைத்த இடம் சரிதான். சீக்கிரமே கண்டுபிடித்தாயிற்று என்று டாக்டர் சொன்னார். முதுகு வலி என்று பலகை மாட்டிக் கடையைச் சில வாரம் மூடினாள். மாத்திரை ஆறு மாசம். கசக்கிறது, குமட்டுகிறது என்று என்னிடம்தான் வந்து ஏசுவாள். "ஒன் பேர எனக்கு வச்ச எங்கப்பன அடிக்கணும்" என்பாள். மாத்திரை முடிந்து எடுத்த படத்தில் திட்டு போய்விட்டது. அந்தப் படத்தை டாக்டர் தானே திறந்து பார்த்தார், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார்.

இதை எழுதலாமா என்று அவளைத்தான் முதலில் கேட்டேன். "எழுதிக்க. பேரு மட்டும் போடாத" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டாலும் ஒன் பேருதானேடி, போட்டுக்க" என்றாள். நான் போடவில்லை.

இப்போது வண்டி வந்தால் எல்லாரும் பேரையும் புருஷன் பேரையும் தாங்களே சொல்லணும், இல்லை எழுதிக் காட்டணும் என்று நர்சம்மா கண்டிப்பாக இருக்கிறது. கையெழுத்து எதற்கு என்றும் படித்துக் காட்டுகிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்று வந்த படங்களிலும் தினம் சிலவற்றைத் திறந்து பார்க்கிறாராம். எத்தனை என்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு கவலை மட்டும் பாக்கி. அன்றைக்கு டாக்டர் பேரை மாற்றித் தட்டினதை நான் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னாலேயே அந்தப் படங்கள் மேற்படிப்புக்குப் போயிருந்தால்? நோய் உள்ள நெஞ்சு என் கணக்கிலும், தாலி போட்ட நெஞ்சு அவள் கணக்கிலும் இன்னும் எங்கேயாவது கிடந்தால், அவளுடைய சளி முடிவை என் படத்தோடு சேர்த்துப் படித்து ஆயி தப்பாகக் கற்றுக்கொள்ள மாட்டாளா? சிவப்புத் திட்டு வலப் பக்கமா இடப் பக்கமா என்பதும் எனக்கு இப்போது நிச்சயமில்லை. படத்தில் நம் வலது அவர்களுக்கு இடதாம். ஊக்கு மூன்று என்பது மட்டும் நிச்சயம். நர்சம்மா, இதைப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் கொடுத்து, அந்த இரண்டு படமும் எந்தெந்தக் கணக்கில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுதினதில் தப்பு இருந்தாலும் அப்போதே திருத்திவிடுங்கள்.